கணக்குக் கேட்க முடியாத அரசன்

வரம்பற்ற முடியாட்சி என்றதும் பள்ளிப் புத்தகம் நமக்குக் காட்டுவது பிரான்ஸின் பதினான்காம் லூயியை. அடுத்து ரஷ்ய ஜார் மன்னர்களை. இரண்டுமே நல்ல உதாரணங்கள்தான். ஆனால் அவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த அரசர்களுக்குப் பின்னால் நூற்றாண்டுக் கணக்கில் வம்சமும் வழக்கமும் படைபலமும் குவிந்து கிடக்கின்றன. எது வழக்கம், எது அதிகாரம் என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

இந்த ஆட்சிமுறையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கிரேக்கத்தின் கதையை. 1833 முதல் 1843 வரை அங்கே ஒரு வரம்பற்ற முடியாட்சி இருந்தது. பழைய வம்சம் கிடையாது, பழைய சிம்மாசனம் கிடையாது. வேறு நாட்டு மந்திரிகள் லண்டனில் கூடி, ஓர் ஒப்பந்தத் தாளில் அதை உண்டாக்கினார்கள். பத்தே ஆண்டுகளில், ஓர் இரவில், அது முடிந்தும் போனது. தொடக்கம் முதல் முடிவு வரை அதன் வேலைப்பாடு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். கிரேக்கத்தில் இதை ‘அபோலிதி மொனர்ஹீயா’ என்பார்கள். இரண்டாவது பாதி அவர்களுடையதே: மோனோஸ் என்றால் ஒற்றை, ஆர்ஹி என்றால் ஆட்சி. ஐரோப்பிய மொழிகள் பலவும் அதைக் கிரேக்கத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டன. முதல் பாதியான ‘அபோலிதோஸ்’ என்பதற்குக் கட்டவிழ்த்து விடப்பட்டது என்று அடிப்படைப் பொருள். அரசன் சட்டங்களின் கட்டிலிருந்து விடுபட்டவன் என்று ரோமானியச் சட்ட அறிஞர்கள் எழுதினார்களே, அதே கருத்து. ஆட்சிமுறையை ஒரே சொல்லில் சொல்ல ‘அபோலிதர்ஹீயா’ என்ற சொல்லும் உண்டு.

இந்தச் சொற்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கிரேக்கர்களுக்கு இந்த விஷயம் தெரியும். அரிஸ்டாட்டில் தன் அரசியல் நூலில் அரசாட்சியின் வகைகளைப் பிரிக்கும்போது ‘பம்பசிலேயா’ என்று ஒன்றைத் தனியாக வைக்கிறார். வீட்டுத் தலைவன் வீட்டை நடத்துவதுபோல ஒருவன் நாட்டின் எல்லாவற்றையும் தன் விருப்பப்படி நடத்துவது அது. அவருக்கும் முன்னால் ஹெரோடோட்டஸ் ஒரு விவாதத்தை எழுதிவைத்திருக்கிறார். அதில் ஓட்டனெஸ் என்ற பாரசீகப் பிரபு கேட்கிறார்: யாருக்கும் கணக்குச் சொல்லாமல் நினைத்ததைச் செய்ய விடும் ஆட்சி எப்படி ஒழுங்கான ஆட்சியாக இருக்கும்?

‘கணக்குச் சொல்லாமல்’ என்பதுதான் இதில் முக்கியமானது. பழைய ஏதென்ஸில் பதவி முடிந்து இறங்கும் ஒவ்வொரு அதிகாரியும் தன் காலத்து நடவடிக்கைகளுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அதைச் செய்யாமல் அவர் ஊரைவிட்டுப் போகக்கூட முடியாது. வரம்பற்ற அரசன் என்பவன் அந்தக் கணக்கு இல்லாதவன். அவன் கொடூரனாக இருக்க வேண்டும் என்பதில்லை, சோம்பேறியாக இருக்க வேண்டும் என்பதில்லை. யாரும் அவனிடம் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, கிரேக்கர்களுக்கு அப்படியொரு அரசன் எப்படி வந்தான்?

1821-இல் ஓட்டோமான் பேரரசை எதிர்த்துக் கிரேக்கர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். போர் நடந்துகொண்டிருந்தபோதே, துப்பாக்கிச் சத்தம் கேட்கும் தூரத்தில், அவர்கள் அரசியலமைப்புச் சட்டம் எழுதினார்கள். எபிடவுரோஸில் 1822-இல் ஒன்று. ஆஸ்ட்ரோஸில் 1823-இல் இன்னொன்று. கிரேக்க மண்ணில் மனிதனை விற்கவோ வாங்கவோ கூடாது, எந்த இனத்தைச் சேர்ந்த, எந்த மதத்தைச் சேர்ந்த அடிமையும் இந்த மண்ணில் கால் வைத்ததும் விடுதலை பெற்றவன் என்று ஆஸ்ட்ரோஸ் சட்டம் சொன்னது. அமெரிக்காவில் அடிமைச் சந்தைகள் அமோகமாக நடந்த காலம் அது. 1827-இல் ட்ரிசீனாவில் மூன்றாவது சட்டம் வந்தது. அதிகாரம் தேசத்திடம் இருக்கிறது, எல்லா ஆட்சியும் தேசத்திலிருந்தே பிறக்கிறது, தேசத்துக்காகவே இருக்கிறது என்று அது எழுதிவைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. பாதிப் பேர் பட்டினி, ஊர்கள் எரிந்து கிடக்கின்றன, அந்த நிலைமையில் இப்படி எழுதியிருக்கிறார்கள்.

அதே சமயம் அவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 1823 முதல் 1825 வரை சுதந்திரப் போருக்கு நடுவிலேயே உள்நாட்டுச் சண்டை நடந்தது. ட்ரிசீனா மாநாடு ஏழு ஆண்டுக் காலத்துக்கு ஆளுநராகத் தேர்ந்தெடுத்த இயோன்னிஸ் கப்போடிஸ்ட்ரியாஸ், 1828-இல் வந்து சேர்ந்ததும் அந்தச் சட்டத்தையே நிறுத்திவைத்தார். நேர்மையான மனிதர், ரஷ்ய ஜாருக்கு வெளியுறவு அமைச்சராக இருந்தவர், நாட்டைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்த முயன்றார். 1831-இல் நாஃப்ளியோ நகரில், புனித ஸ்பிரிதோன் தேவாலயத்தின் வாசலில், மானிப் பகுதியின் மவ்ரொமிஹாலிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இருவர் அவரைக் கொன்றார்கள். அப்புறம் முழுக் குழப்பம். ஆகவே, வெளியிலிருந்து ஓர் அரசன் வந்தால் நல்லது என்று நினைத்த கிரேக்கர்கள் நிறைய பேர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களைத்துப்போன மக்கள் அவர்கள்.

கிரேக்க விடுதலைக்குத் துணை நின்ற பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் முதலில் சாக்ஸ்-கோபர்க் இளவரசர் லியோபோல்டைக் கேட்டன. அவர் முதலில் சம்மதித்து, பிறகு மறுத்துவிட்டு, மறு ஆண்டே பெல்ஜியத்தின் அரசரானார். அடுத்ததாக, ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பவேரியாவின் மன்னர் முதலாம் லூட்விக்கின் இரண்டாவது மகன் ஓட்டோவைப் பிடித்தார்கள். 1832 மே 7 அன்று லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்திட்டவை நான்கு நாடுகள்: பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, பவேரியா. கிரேக்கர் ஒருவரும் இல்லை. ஓட்டோவுக்கு அப்போது 17 வயது நிறையவில்லை.

அந்த ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தால் எல்லாம் புரிந்துவிடும். மூன்று வல்லரசுகளின் உத்தரவாதத்தில் கிரேக்கம் சுதந்திர முடியரசாக இருக்கும் என்கிறது. அரசியலமைப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் 6 கோடி பிராங்க் கடன் உண்டு, மூன்று தவணைகளாக, மூன்று நாடுகளின் பிணையில். கிரேக்கக் கருவூலத்துக்கு வரும் வருமானத்திலிருந்து முதலில் அந்தக் கடனின் வட்டியையும் அசலையும் எடுத்துவைக்க வேண்டும், மற்றச் செலவெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 3,500 பேர் வரை பவேரியப் படை வரும், செலவு கிரேக்கத்தின் தலையில்.

என் கருத்தெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சட்டத்தின் கட்டிலிருந்து விடுபட்டவன் என்று நாம் சொல்லும் இந்த அரசன், பிறக்கும்போதே கட்டுண்டுதான் பிறந்தான். மக்களிடம் அவனுக்கு எந்தக் கட்டும் இல்லை. கடன் கொடுத்தவர்களிடம் உண்டு. வரம்பற்ற முடியாட்சி என்றால் வரம்பே இல்லாதது என்று எடுத்துக்கொள்கிறோம். கிரேக்கத்தில் வரம்பு இருந்தது. அதைப் போடும் உரிமைதான் குடிமக்கள் கையில் இல்லை.

1833 பிப்ரவரி 6 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் மடகாஸ்கரிலிருந்து ஓட்டோ நாஃப்ளியோவில் இறங்கினார். மக்கள் கூட்டம் உண்மையாகவே ஆனந்தப்பட்டது. கிரேக்கர்கள் அவரை ஓத்தோன் என்று அழைத்தார்கள். அரச ஆணைகளின் தலைப்பில் ‘எலேஓ தெஊ’, அதாவது கடவுளின் கருணையால் கிரேக்கத்தின் அரசர் என்று இருக்கும். தேசத்தின் விருப்பத்தால் என்று இருக்காது.

அரசர் சிறுவர் என்பதால் மூன்று பவேரியர்கள் அவர் பெயரில் ஆண்டார்கள்: அர்மான்ஸ்பெர்க் பிரபு, சட்டப் பேராசிரியர் மாவுரர், தளபதி ஹைடெக். இவர்கள் செய்தது எல்லாமே கெடுதல் என்று சொல்வது அநியாயம். மாவுரர் ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு நாட்டுக்கே சட்டத் தொகுப்புகளை எழுதினார். நீதிமன்றங்களையும் பள்ளிகளையும் ஒழுங்குபடுத்தினார்கள். 1834-இல் தலைநகர் நாஃப்ளியோவிலிருந்து ஏதென்ஸுக்குப் போனது, 1837-இல் அங்கே பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆனால் எதுவும் யாரையும் கேட்டு நடக்கவில்லை. போரில் சண்டையிட்ட ஒழுங்குமுறை சாராப் படைகளை வந்த வேகத்தில் கலைத்தார்கள். ஆயிரக்கணக்கான வீரர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். சிலர் கொள்ளைக்காரர்கள் ஆனார்கள், சிலர் எல்லை தாண்டி, எந்த ஓட்டோமானை எதிர்த்துப் போரிட்டார்களோ அந்த நாட்டுக்கே பிழைக்கப் போனார்கள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை கான்ஸ்டான்டினோபிள் தலைமையிலிருந்து பிரித்து அரசரின் கீழ் கொண்டுவந்தார்கள். அரசரோ கத்தோலிக்கர். ஆறு துறவிகளுக்குக் குறைவாக இருந்த மடங்களை மூடினார்கள். பத்திரிகை நடத்தப் பெருந்தொகை பிணைப்பணமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். துருக்கியர் ஆட்சிக் காலத்தை ‘துர்கொக்ரதீயா’ என்று சொல்லிப் பழகிய மக்கள் இந்தக் காலத்துக்கு ‘வவரொக்ரதீயா’, பவேரியர் ஆட்சி, என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

இந்த ஆட்சி எப்படி வேலை செய்தது என்பதைக் காட்ட ஒரே ஒரு வழக்கு போதும். தியோதோரோஸ் கொலகொட்ரோனிஸ் சுதந்திரப் போரின் மிகப் பெரிய தளபதி. 1834-இல் அவரையும் பிளப்பூத்தாஸ் என்ற இன்னொரு தளபதியையும் அரசுக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டி நாஃப்ளியோவில் விசாரித்தார்கள். விசாரணை நடந்த கட்டடம் ஒரு பழைய மசூதி. போர்க்காலத்தில் கிரேக்கர்களின் சட்டசபை கூடிய இடமும் அதுதான். ஐந்து நீதிபதிகள். மூவர் மரண தண்டனை என்றார்கள். தலைமை நீதிபதி அனஸ்தாசியோஸ் பொலிஸொயிதிஸும் யெயோர்யியோஸ் தெர்ட்செத்திஸும் சாட்சியம் போதாது என்று சொல்லித் தீர்ப்பில் கையெழுத்திட மறுத்தார்கள். நீதி அமைச்சர் வற்புறுத்தினார். அவர்கள் அசையவில்லை. கடைசியில் காவல் படையினர் அந்த இரு நீதிபதிகளையும் இழுத்துவந்து ஆசனத்தில் உட்கார வைத்தார்கள். அவர்கள் முன்னிலையில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

அந்தச் சமயத்தில் நாட்டில் எழுதப்பட்ட சட்டம் இருந்தது, நல்ல சட்டம்தான். நீதிமன்றம் இருந்தது. பயிற்சி பெற்ற நீதிபதிகள் இருந்தார்கள். வரம்பற்ற ஆட்சி சட்டமே இல்லாத ஆட்சி என்று யாராவது சொன்னால் நான் இந்த அறையை நினைத்துக்கொள்வேன். சட்டம் இருக்கும். அது ஆள்பவனுக்கு இடைஞ்சலாகும் நேரத்தில் அதைக் காப்பாற்ற நீதிபதியின் மன உறுதியைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. பொலிஸொயிதிஸ், தெர்ட்செத்திஸ் இருவரும் பதவி இழந்தார்கள். அவர்கள் மீதே வழக்குத் தொடுக்கப்பட்டு, விடுதலையானார்கள். கொலகொட்ரோனிஸின் மரண தண்டனை இருபது ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1835-இல் ஓட்டோ இருபது வயதாகி ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் அவரை மன்னித்து விடுவித்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தண்டித்ததும் ஒரு மனிதரின் பெயரில், மன்னித்ததும் அதே மனிதரின் பெயரில். குற்றமற்றவர் என்று சொல்ல வேண்டியவருக்கு மன்னிப்புதான் கிடைத்தது.

ஓட்டோவைப் பற்றி எனக்கு வெறுப்பு கிடையாது. கிரேக்கத்தை அவர் மனதார நேசித்தார், மொழியைக் கற்றார், கிரேக்கர்களின் மடிப்புப் பாவாடை உடையை விரும்பி அணிந்தார். கடும் உழைப்பாளி. கோப்பு ஒவ்வொன்றையும் தானே படிப்பார். படித்து, யோசித்து, மறுபடி படித்து, முடிவு சொல்ல மாதக்கணக்கில் ஆகும். 1837-க்குப் பிறகு அமைச்சரவைக்கு அவரே தலைமை தாங்கினார். 1835-இல் அமைத்த ஆலோசனை அவையின் உறுப்பினர்களை அவரே நியமித்தார். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. 1841-இல் அரசியல் தலைவர் அலெக்ஸாந்த்ரோஸ் மவ்ரொகொர்தாதோஸை அழைத்து அமைச்சரவை அமைக்கச் சொன்னார். அமைச்சர்களுக்கு உண்மையான பொறுப்பு வேண்டும், அரண்மனையைச் சுற்றியிருக்கும் பவேரிய ஆலோசகர்கள் போக வேண்டும் என்று அவர் நிபந்தனை வைத்தார். சில வாரங்கள்தான். மவ்ரொகொர்தாதோஸ் வெளியேற வேண்டியதாயிற்று.

பாராளுமன்றம் இல்லாத நாட்டில் அரசியல் எங்கே நடக்கும்? தூதரகங்களில் நடந்தது. அந்தக் காலத்துக் கிரேக்கக் கட்சிகளின் பெயரைக் கேளுங்கள்: ஆங்கிலக் கட்சி, பிரெஞ்சுக் கட்சி, ரஷ்யக் கட்சி. மவ்ரொகொர்தாதோஸ் ஆங்கிலக் கட்சி. இயோன்னிஸ் கொலெத்திஸ் பிரெஞ்சுக் கட்சி. கொலகொட்ரோனிஸின் ஆட்களும் ஆண்ட்ரெயாஸ் மெத்தாக்ஸாஸும் ரஷ்யக் கட்சி. அரசரை வழிக்குக் கொண்டுவர ஒரே வழி, அவருக்குக் கடன் பிணை நின்றவர்களின் தூதரைப் பிடிப்பது. குடிமகன் தன் அரசனிடம் நேராகக் கேட்க முடியாதபோது அந்நியனின் வாசலில் போய் நிற்கிறான். இந்தப் பழக்கம் கிரேக்க அரசியலுக்கு எவ்வளவு கேடு செய்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

கடைசியில் கடனே அந்த ஆட்சியைக் கவிழ்த்தது. 1843-இல் தவணை கட்டப் பணமில்லை. மூன்று வல்லரசுகளும் லண்டனில் கூடி, செலவைக் குறைத்துக் கடனைக் கட்டு என்றன. அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், சம்பளத்தை வெட்டினார்கள், படைச் செலவில் கை வைத்தார்கள். அதே ஆண்டுதான் ஓட்டோவும் அரசி அமாலியாவும் பவேரியக் கட்டடக் கலைஞர் கேர்ட்னர் வடிவமைத்த புதிய அரண்மனைக்குக் குடிபுகுந்தார்கள். அதையும் ஏதென்ஸ் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய போர்வீரர் மக்ரியான்னிஸ் 1840 முதலே ஆட்களிடம் ரகசியமாகச் சத்தியம் வாங்கிவந்தார். பள்ளிக்கே போகாதவர், தன் வாழ்க்கையை எழுதவேண்டும் என்பதற்காகவே முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டவர். அவருக்குக் கோபம் எளிமையானது: நாங்கள் ரத்தம் சிந்திய நாட்டில் எங்களுக்குச் சட்டம் இல்லையா? அவருடன் குதிரைப்படைத் தளபதி திமித்ரியோஸ் கலேர்கிஸ் சேர்ந்தார், மெத்தாக்ஸாஸ், லோண்டோஸ் போன்ற அரசியல்வாதிகளும் சேர்ந்தார்கள்.

கிரேக்கர்கள் அப்போது பின்பற்றிய பழைய நாட்காட்டிப்படி செப்டம்பர் 3, நமக்கு செப்டம்பர் 15. முந்தைய இரவே மக்ரியான்னிஸின் வீட்டைக் காவல் படை சூழ்ந்துகொண்டது. கலேர்கிஸ் காத்திருக்கவில்லை. நள்ளிரவில் படையைத் திரட்டி அரண்மனை முன் கொண்டுபோய் நிறுத்தினார். ஊர் மக்கள் பின்னாலேயே வந்தார்கள். அரசர் நம்பிய பீரங்கிப் படையும் அவர்கள் பக்கமே நின்றது. சாளரத்தில் தோன்றிய ஓட்டோவுக்குக் கீழிருந்து ஒரே முழக்கம் கேட்டது: “சிந்தக்மா!” அரசியலமைப்புச் சட்டம் வேண்டும் என்பது அதன் பொருள்.

அந்த இரவில் என்னை மிகவும் ஈர்ப்பது தூதர்கள் வந்த கட்டம். வெளிநாட்டுத் தூதர்களைக் கலந்து பேச வேண்டும் என்று ஓட்டோ சொன்னார். தூதர்களும் விடியற்காலையில் அரண்மனைக்கு வந்தார்கள். கலேர்கிஸ் அவர்களை உள்ளே விடவில்லை. அரசர் தன் மக்களுடன் பேசி முடிக்கட்டும், பிறகு நீங்கள் பார்க்கலாம் என்ற நிலை. பத்து ஆண்டுகளில் முதல்முறையாக அரசனுக்கும் குடிமக்களுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. ஓட்டோ ஆணைகளில் கையெழுத்திட்டார்: புதிய அமைச்சரவை, தேசிய சபைக்குத் தேர்தல், அரசுப் பணியில் இருந்த வெளிநாட்டவர் விலகல். கிட்டத்தட்ட ரத்தமே சிந்தாமல் காரியம் முடிந்தது. பிற்பகலில் படைகள் முகாம்களுக்குத் திரும்பின. அரண்மனை முன்னிருந்த வெளிக்கு இன்றுவரை சிந்தக்மா சதுக்கம் என்றே பெயர். அந்த அரண்மனையில்தான் இப்போது கிரேக்கப் பாராளுமன்றம் கூடுகிறது.

1844 மார்ச்சில் வந்த சட்டம் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். அரசர் புனிதமானவர், அவரைத் தொட முடியாது, பொறுப்பு அமைச்சர்களுக்கே என்றது. சட்டமியற்றுவதில் அரசருக்குப் பங்கு இருந்தது. மேலவை உறுப்பினர்களை அவரே ஆயுட்காலத்துக்கு நியமிப்பார். ஆனால் அதனுடன் வந்த தேர்தல் சட்டம் 25 வயது நிறைந்த ஆண்கள் அநேகமாக அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. அப்போது பிரிட்டனில் பெரும்பாலான ஆண்களுக்கு அது கிடையாது. பெண்களுக்கு அங்கும் இல்லை, இங்கும் இல்லை. ஓட்டோவோ மாறவில்லை. கொலெத்திஸ் போன்ற பிரதமர்களையும் தேர்தல் தில்லுமுல்லுகளையும் வைத்துக்கொண்டு பழையபடியே ஆள முயன்றார். மக்ரியான்னிஸை 1853-இல் அரசரைக் கொல்லச் சதி செய்ததாகச் சொல்லி மரண தண்டனை விதித்துப் பிறகு விட்டார்கள். 1862 அக்டோபரில் இன்னொரு கிளர்ச்சி. ஓட்டோ வந்ததுபோலவே பிரிட்டிஷ் கப்பலில் ஏறிப் போனார். 1867-இல் பாம்பெர்க்கில் இறந்தார்.

டென்மார்க்கிலிருந்து வந்த அடுத்த அரசர் முதலாம் யெயோர்யியோஸுக்குக் கிரேக்கத்தின் அரசர் என்ற பட்டம் இல்லை. கிரேக்கர்களின் அரசர். 1864-இன் சட்டம் எல்லா அதிகாரமும் தேசத்திலிருந்தே பிறக்கிறது என்றது. 37 ஆண்டுகளுக்கு முன் ட்ரிசீனாவில் எழுதியதைத் திரும்பவும் எழுத வேண்டியிருந்தது.

அந்தக் கடன் மட்டும் ஓட்டோவோடு கப்பலேறவில்லை. 1854-இல், கிரிமியப் போரின்போது, பிரிட்டனும் பிரான்ஸும் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தைப் பிடித்து 1857 வரை வைத்திருந்தன. அவை வெளியேறிய கையோடு மூன்று வல்லரசுகளின் குழு ஒன்று வந்து கருவூலத்தின் கணக்குகளைப் புரட்டியது. ஓட்டோ அப்போது அரசர்தான், தன் மக்களுக்குக் கணக்குச் சொல்வதை அவமானமாக நினைத்த அதே அரசர். 1897-இல் துருக்கியிடம் தோற்றபின், 1898-இல், ஆறு வல்லரசுகளின் நிரந்தர நிதிக் குழு ஏதென்ஸில் வந்து உட்கார்ந்து உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் விற்பனை வருமானத்தையும் பிரேயஸ் துறைமுகச் சுங்கத்தையும் கடனுக்காகத் தன் கையில் எடுத்துக்கொண்டது.